கைவினையும் மெய்ப்பாடும்: மழலையர் உணர்ச்சிகளை இனங்காணலும் வெளிப்படுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் தம் உணர்ச்சிகளை இனங்கண்டு சொல்லக் கைவினைச் செயல்பாடுகள் எவ்வாறு துணைசெய்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சிரித்த முகம், அழுத முகம் என ஆயத்த முகங்களை வெட்டி ஒட்டுதலே பல வகுப்பறைகளில் உணர்ச்சிக் கல்வியாகக் கொள்ளப்படுகிறது. முகத்தைவிடக் காரணமே சில உணர்ச்சிகளைக் குழந்தைக்குத் தெளிவாக உணர்த்துகிறது என இக்கால உளவியல் காட்டுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் ஒவ்வோர் உணர்ச்சியையும் அது பிறக்கும் காரணங்களால் வகுக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கும்போது, கைவினை உணர்ச்சியை வெளியிடும் கருவியாக மட்டுமின்றி உணர்ச்சி பிறக்கும் களமாகவும் விளங்குவது புலனாகிறது. இதற்கேற்ற செயல்முறைகளும், தமிழ்மொழி தரும் வாய்ப்புகளும், காக்க வேண்டிய எல்லைகளும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கைவினை, மெய்ப்பாடு, உணர்ச்சியறிவு, முன்பருவக் கல்வி, அங்கன்வாடி, உணர்ச்சிச் சொற்கள்.

முன்னுரை

ஐங்குறுநூற்றின் 124ஆம் பாடல் நெய்தல் நிலத்துப் பெண் ஒருத்தியின் செயலைக் காட்டுகிறது. அவள் மணலால் செய்த வண்டற்பாவையைக் கடல் கவர்ந்துகொள்கிறது. உடனே அவள் நுண்மணலை அள்ளிக் கடலையே தூர்க்க முற்படுகிறாள். அவளுக்குச் சினம் உண்டாயிற்று என்றோ, அவள் முகம் சிவந்தது என்றோ பாடல் கூறவில்லை. தன் கையால் செய்த பொருள், அதற்கு நேர்ந்த இழப்பு, இழப்பின்பின் கை செய்யும் செயல் ஆகிய மூன்றுமே அவள் உள்ளத்தை உணர்த்திவிடுகின்றன.

காதலை மையமாகக் கொண்ட அகப்பாடலில் இடம்பெறும் காட்சி இது. எனினும் கையால் ஒன்றைச் செய்யும் எவருடைய உணர்ச்சியையும் அறியும் வழியை இது சுட்டுகிறது. சொல் வளம் நிரம்பாத குழந்தையிடத்து இவ்வழி இன்னும் இன்றியமையாததாகிறது. “எப்படி இருக்கிறாய்?” என்னும் வினாவிற்கு நான்கு வயதுக் குழந்தை “நல்லா இருக்கேன்” என்று பழகிய விடையையே தரும். அதே குழந்தை தான் செய்த களிமண் யானையின் தும்பிக்கை முறிந்தபோது பேசும் பேச்சு வேறாக இருக்கும். இந்த வேறுபாட்டைப் பயன்கொள்ளும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உணர்ச்சியறிவும் மழலைப் பருவமும்

தன் உணர்ச்சிக்குப் பெயரிடுதல், பிறர் உணர்ச்சியை அறிதல், அது எதனால் உண்டாயிற்று என உணர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உணர்ச்சியறிவு எனப்படும். இது வகுப்பறை ஒழுங்கோடு மட்டும் தொடர்புடையதன்று. கரோல் இசார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, பொருளாதார நிலையில் பின்தங்கிய குடும்பங்களைச் சேர்ந்த குழந்தைகளை ஐந்து வயதிலும் பின்னர் ஒன்பது வயதிலும் நோக்கியது. ஐந்து வயதில் பெற்றிருந்த உணர்ச்சியறிவு, ஒன்பது வயதில் காணும் சமூக நடத்தையோடும் கல்வித் திறனோடும் தொடர்புடையதாக இருந்ததை அது எடுத்துக்காட்டியது.

குழந்தை எல்லா உணர்ச்சிகளையும் ஒருங்கே அறிந்துகொள்வதில்லை. ஷெர்ரி வைடன், ஜேம்ஸ் ரசல் ஆகியோரின் ஆய்வுகளின்படி, தொடக்கத்தில் குழந்தையிடம் ‘நன்றாக இருத்தல்’, ‘நன்றாக இல்லாதிருத்தல்’ என்னும் இரு பெரும் பகுப்புகளே உள்ளன. இரண்டாவது பகுப்பிலிருந்து சினமும் துயரும் முதலில் பிரிகின்றன; அச்சம், வியப்பு, அருவருப்பு முதலியன பின்னரே தெளிவுபெறுகின்றன. ஆகவே அஞ்சிய குழந்தை “கோவம்” என்று கூறுவது பொய்யன்று. அது பகுப்பு முற்றுப்பெறாத நிலையின் அடையாளமாகும்.

இவ்வறிவின் தேவை குழந்தையின் பாதுகாப்போடும் தொடர்புடையது. அச்சத்தையும் அருவருப்பையும் கூச்சத்தையும் வேறுபடுத்திச் சொல்லவியலாத குழந்தை, தனக்குத் தீங்கு நேரும்போது அதனை எடுத்துரைக்க இயலாமல் நிற்கும். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 12ஆம் பிரிவு குழந்தை தன் கருத்தை வெளியிடும் உரிமையைக் கூறுகிறது. 13ஆம் பிரிவு, பேச்சு, எழுத்து ஆகியவற்றோடு கலைவடிவத்தையும் வெளிப்பாட்டு வழிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. எனவே மழலையர் கைவினையை ஓய்வுநேரப் பொழுதுபோக்காக மட்டும் கருதுதல் பொருந்தாது.

முக அட்டைகளின் எல்லை

மழலையர் கல்வியில் கைவினைக்கு இடமளித்த முன்னோடிகளுள் பிரெட்ரிக் புரோபெல் குறிப்பிடத்தக்கவர். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து வளர்ந்த கல்விமுறையில் காகித மடிப்பு, பின்னல், களிமண் வேலை ஆகியன இடம்பெற்றன. அம்மரபு பல நாடுகளிலும் பரவியது. தமிழகத்தில் 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகளிலும், 2022 முதல் முதல் மூன்று வகுப்புகளில் நடைபெறும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் செய்து கற்றலுக்கு இடமுண்டு.

இவ்விடத்தில் உணர்ச்சிக் கல்வி புகும்போது பெரும்பாலும் ஒரே வடிவம் பெறுகிறது. காகிதத் தட்டு ஒன்று தரப்படுகிறது. மேல்நோக்கி வளைந்த வாய் மகிழ்ச்சி, கீழ்நோக்கி வளைந்த வாய் துயரம், சாய்ந்த புருவம் சினம் என்று கற்பிக்கப்படுகிறது. முப்பது குழந்தைகளும் ஒரே முகத்தைச் செய்து சுவரில் ஒட்டுகின்றனர்.

இம்முறை முற்றிலும் பயனற்றதன்று. சூசன் டென்ஹாம் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க துணி முகங்களைப் பயன்படுத்தி, மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம் ஆகியவற்றை முன்பருவக் குழந்தைகள் எந்த அளவு அறிந்துள்ளனர் எனக் கண்டார். ஆனால் அவர் முகத்தோடு நின்றுவிடவில்லை. பாவைக்கு ஒரு நிகழ்வு நேர்வதாக நடித்துக் காட்டி, அந்நிகழ்வில் அப்பாவை எவ்வாறு உணரும் என்று வினவி, முகத்தைத் தேர்ந்து பொருத்தச் செய்தார். இதில் நிகழ்வு முன்னும் முகம் பின்னும் வருவது கருதத்தக்கது.

வைடனும் ரசலும் இதனை மேலும் தெளிவாக்கினர். அச்சம், அருவருப்பு, நாணம் போன்றவற்றை அறிவதற்குத் தனித்த முகத்தைக் காட்டிலும், காரணமும் விளைவும் அடங்கிய சிறுகதையே குழந்தைக்கு மிகுதியும் துணைநிற்பதாக அவர்தம் ஆய்வுகள் காட்டின. காரணமின்றிச் சுவரில் ஒட்டப்பட்ட முகம் குழந்தைக்கு ஒரு வடிவம் மட்டுமே. வட்டத்தையும் சதுரத்தையும் போல அதன் பெயரையும் அது மனப்பாடம் செய்துகொள்கிறது.

மெய்ப்பாட்டியல் தரும் சட்டகம்

காரணத்தை முதன்மையாகக் கொண்டு உணர்ச்சியை வகுக்கும் முறை தமிழ் இலக்கண மரபிற்குப் புதிதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனும் எட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் நந்நான்கு காரணம் பற்றிப் பிறக்கும் என்கிறது. இவ்வாறு அமைவன 32 காரணங்கள்.

பேராசிரியர் தம் உரையில் மெய்ப்பாட்டின் தோற்றத்தை நான்கு கூறுகளாக விளக்குகிறார். சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த பொறியுணர்வு, அதன்வழி உள்ளத்தில் நிகழும் குறிப்பு, அக்குறிப்பால் கண்ணீர் அரும்பல், மயிர் சிலிர்த்தல் முதலாக உடம்பில் தோன்றும் வேறுபாடு என்பன அவை. இந்நான்கும் வகுப்பறையில் ஆசிரியர் கேட்கத்தக்க நான்கு எளிய வினாக்களாக மாறக்கூடியவை: என்ன நடந்தது? அப்போது எதைப் பார்த்தாய், எதைத் தொட்டாய்? மனத்துக்குள் எப்படி இருந்தது? உடம்பில் எங்கே தெரிந்தது? முகம் நான்காம் வினாவின் ஒரு பகுதியாகவே வருகிறது.

தொல்காப்பியர் வகுத்தது குழந்தை உளவியல் அன்று. மெய்ப்பாட்டியல் செய்யுளின் பொருட்டு, வளர்ந்தோரின் அக வாழ்வையும் புற வாழ்வையும் முன்வைத்து எழுந்தது. உவகைக்குரியதாகக் கூறப்படும் புணர்வும், வெகுளிக்குரியதாகக் கூறப்படும் கொலையும் மழலையர் கல்விக்கு உரியன அல்ல. உணர்ச்சியைக் காரணத்தால் பகுக்கும் முறையையே இங்குக் கொள்ள வேண்டும். பட்டியல் முழுவதையும் அவ்வாறே பெயர்த்துவைத்தல் தகாது.

அம்முறையின் பயனை அழுகை தெளிவாக்கும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு காரணங்களால் அழுகை பிறக்கும் என்பது தொல்காப்பியம். பிறரால் இகழப்படுதல் இளிவு. உரியதை இழத்தல் இழவு. முன்னைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் அசைவு. நுகர்தற்கு இல்லாமை வறுமை. அங்கன்வாடியில் ஒரே காலையில் நான்கு குழந்தைகள் அழக்கூடும். ஒரு குழந்தையின் பொம்மையைக் கண்டு மற்றவர் சிரித்தனர். மற்றொன்றின் காற்றாடி கிழிந்தது. மூன்றாம் குழந்தையின் வீட்டில் தம்பி பிறந்ததால் அது தாயின் மடியை விட்டு வந்தது. நான்காம் குழந்தைக்கு வண்ணக்கோல் கிடைக்கவில்லை. முக அட்டை இந்நால்வருக்கும் ஒரே முகத்தைத்தான் தரும். காரணத்தை அறிந்த ஆசிரியரோ முதற்குழந்தைக்கு மதிப்பையும், இரண்டாம் குழந்தைக்குச் செப்பனிடும் துணையையும், மூன்றாம் குழந்தைக்கு அரவணைப்பையும், நான்காம் குழந்தைக்குப் பகிர்வையும் அளிப்பார்.

அச்சத்தின் காரணங்களும் இவ்வாறே. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. மழலையர் உலகில் இவை பூச்சாண்டியாகவும், தெருநாயாகவும், அறியாத மனிதராகவும், தண்டிக்கும் பெரியவராகவும் வருகின்றன. முதல் மூன்றைக் குழந்தை எளிதில் சொல்லும். நான்காவதைச் சொல்வது அரிது. ஏனெனில் கேட்பவரே பெரும்பாலும் அதற்குக் காரணமானவராக இருப்பார். கைவினையின் துணை இங்கேதான் மிகுதியும் தேவைப்படுகிறது.

கைவினை களமாதல்

உள்ளே முன்னரே நிரம்பியிருக்கும் உணர்ச்சியை வெளியே கொட்டுவதற்குரிய வழியே கைவினை என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து பாதியளவே பொருந்தும். கைவினை செய்யும் அரைமணி நேரத்தில் குழந்தையிடம் புதிய உணர்ச்சிகளும் பிறக்கின்றன.

மெய்ப்பாட்டியல் மருட்கைக்குக் கூறும் காரணங்கள் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. உருண்டைக் களிமண் பறவையாக மாறுவது ஆக்கம். பெருமிதத்தின் காரணங்களுள் ஒன்று கல்வி. “நானே செஞ்சேன்” என்று குழந்தை உயர்த்திக் காட்டும் கை அதன் வெளிப்பாடு. உவகையின் காரணங்களுள் ஒன்று விளையாட்டு. செய்த பொருள் முறிந்தால் இழவு பற்றிய அழுகையும், அருகில் இருப்பவர் நகைத்தால் இளிவு பற்றிய அழுகையும் தோன்றுகின்றன. ஆக, எண்வகை மெய்ப்பாடுகளுள் பல ஒரே கைவினை வேளையில், ஆசிரியரின் கண்ணெதிரில், காரணத்தோடு நிகழ்கின்றன.

உணர்ச்சிச் சொல்லைக் கற்பிக்க இதனினும் ஏற்ற தருணம் வேறில்லை. நேற்று வீட்டில் நடந்ததைக் குழந்தை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது கடினம். காற்றாடி இப்போது கிழிந்தது. காரணம் அதன் கையிலேயே இருக்கிறது. “கஷ்டப்பட்டுச் செஞ்ச காத்தாடி கிழிஞ்சிருச்சு, அழுகையா வருதா கண்ணு?” என ஆசிரியர் கூறும்போது, நிகழ்வும் உணர்ச்சியும் சொல்லும் ஒருங்கே இணைகின்றன. “பரவாயில்லை, வேறு தருகிறேன்” என்று உடனே புதிய தாளை நீட்டினால் அழுகை அடங்கும்; சொல் கிடைக்காது.

செய்த பொருள் பேச்சை வேறொருவர்மீது ஏற்றவும் இடந்தருகிறது. தன்னைப் பற்றி நேரே வினவினால் மௌனம் காக்கும் குழந்தை, தான் செய்த பாவையைப் பற்றிப் பேசத் தயங்குவதில்லை. “இந்த முயல் ஏன் பெட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கு?” என்னும் வினாவிற்கு விடை கூறும்போது, அது தன்னைப் பற்றிக் கூறவும் கூடும், கூறாதிருக்கவும் கூடும். அவ்விடைவெளியே குழந்தைக்குரிய பாதுகாப்பாகும்.

வகுப்பறைக்குரிய செயல்முறைகள்

வயதறிந்து செயலைத் தேர்தல் முதற்கடமை. விக்டர் லோவன்பெல்டு 1947இல் வெளியிட்ட நூலில், இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள பருவத்தைக் கிறுக்கல் நிலை என்றும், நான்கு முதல் ஏழு வரையுள்ளதை உருவம் தோன்றத் தொடங்கும் நிலை என்றும் வகுத்தார். மூன்று வயதுக் குழந்தையிடம் “உன் கோபத்தை வரைந்து காட்டு” என்பது அதன் கைத்திறனுக்கு அப்பாற்பட்டது. ஆனால் அக்குழந்தையால் பிசையவும், அழுத்தவும், கிழிக்கவும், உருட்டவும் இயலும்.

களிமண் வேலை மூன்று வயதிலிருந்தே ஏற்றது. குளத்து மண்ணோ பிசைந்த கோதுமை மாவோ போதும். எதைச் செய்ய வேண்டும் என்று கூறாமல், கை என்ன செய்கிறது என்பதை ஆசிரியர் நோக்க வேண்டும். வேகமாகக் குத்தும் குழந்தையிடம் “ஏன் குத்துகிறாய்?” என்று கேட்பதைவிட, “கை வேகமாகக் குத்துகிறதே, இந்த மண்ணுக்கு என்ன ஆயிற்று?” என்பது பேச்சைத் திறக்கும். களிமண்ணின் சிறப்பு, சிதைத்தாலும் மீண்டும் உருவாக்கலாம் என்பதே. சினத்தால் நசுக்கிய பொருளை அமைதி வந்தபின் திரும்பச் செய்யும் குழந்தை, உணர்ச்சி வந்து நீங்குவது என்பதைத் தன் கையாலேயே அறிகிறது.

நான்கு வயதினருக்குக் காகிதப்பை அல்லது பழைய காலுறையாலான கைப்பாவை பொருந்தும். இதில் முகம் ஒட்டப்படாமல், மாற்றத்தக்கதாக இருத்தல் வேண்டும். முதலில் பாவைக்கு ஒரு நிகழ்வு, பின்னரே முகம். பாவையின் நண்பன் ‘காய்’ விட்டுவிட்டான் என்று தொடங்கலாம். காய் விடுதலும் பழம் விடுதலும் தமிழ்க் குழந்தைகள் தாமே வகுத்துக்கொண்ட பிணக்கு, இணக்கக் குறிகள். பெரியவர் கற்பிக்காமலேயே உணர்ச்சியைக் கைவிரலால் உணர்த்தும் மரபு அவர்களிடம் உள்ளது. பாவைக்கூத்தில் அதனை எடுத்தாள்வது குழந்தைகளின் சொந்த மொழியை மதிப்பதாகும்.

ஐந்து வயதினருக்கு உடல்வரைவு ஏற்றது. பெரிய தாளின்மீது குழந்தையைப் படுக்கவைத்து, அதன் உருவத்தைச் சுற்றிக் கோடிட்டு, உணர்ச்சி தோன்றும் இடத்தில் துணித்துண்டு, நூல், இலை முதலியவற்றை ஒட்டச் செய்யலாம். நாயைக் கண்டபோது எங்கே தெரிந்தது? வயிற்றிலா, நெஞ்சிலா, காலிலா? குழந்தை காலில் நூலைச் சுற்றி ஒட்டினால், கால் ஓட முயன்றதா, அசையாமல் நின்றதா என்று தொடர்ந்து கேட்கலாம். இச்செயலில் சரியான இடம், தவறான இடம் என்பதில்லை.

ஓலை வேலை கிடைக்கும் ஊர்களில் தென்னங்கீற்றால் காற்றாடி, கைக்கடிகாரம், பாம்பு முதலியன செய்யலாம். ஓலைப்பாம்பு அச்சத்தையும் நகையையும் ஒருங்கே தருவது. பொய்ப்பாம்பு எனத் தெரிந்தபின் அச்சம் நகையாக மாறும் அந்நொடியைக் குழந்தைகளோடு பேசலாம். ஓலையில் மூத்தோரின் கையுதவி தேவைப்படுவதால், வீட்டிலுள்ள தாத்தா, ஆயாவிற்கும் இதில் பங்கு கிடைக்கிறது.

பொருள்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கும் குன்றிமணி நச்சுத்தன்மை உடையது. மழலையர் கையில் அதனைத் தருதல் கூடாது. மூன்று வயதிற்குட்பட்டோர் அருகில் இருப்பின் மணி, பொத்தான், புளியங்கொட்டை ஆகியவற்றையும் தவிர்த்தல் நன்று.

தமிழ்மொழி தரும் வாய்ப்பு

உணர்ச்சிக்குப் பெயரிடுதல் அதன் வேகத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மேத்யூ லீபர்மனும் குழுவினரும் 2007இல் வளர்ந்தோரிடம் மேற்கொண்ட மூளைப்படிம ஆய்வில், உணர்ச்சிமிக்க முகத்திற்குச் சொல்லால் பெயரிட்டபோது அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் செயல்பாடு குறைந்ததைக் கண்டனர். மழலையருக்கு இதனை அப்படியே பொருத்திவிடல் இயலாது. எனினும் சொல்லின் ஆற்றலை இது சுட்டுகிறது.

எச்சொல்லைத் தருவது என்பது தமிழாசிரியர் முன் நிற்கும் வினா. பாடநூல் ‘மகிழ்ச்சி’, ‘வருத்தம்’, ‘அச்சம்’ என்கிறது. குழந்தையின் வீடு “சந்தோசம்”, “கஷ்டம்”, “பயம்” என்கிறது. எழுத்துவழக்கை மட்டும் கற்பிக்கும்போது, உணர்ச்சிச்சொல் தேர்வுக்குரிய சொல்லாகிவிடும். முதலில் வீட்டுச்சொல், பின்னர் அதனருகே பாடநூற்சொல் என்னும் வரிசையே பொருத்தமானது. முகம் வாடுதல், கண் கலங்குதல், வயிறு கலக்குதல், நெஞ்சு படபடத்தல், தொண்டை அடைத்தல், முகம் மலர்தல் எனத் தமிழில் உடம்பை நிலைக்களனாகக் கொண்ட தொடர்கள் மிகப் பல. உடல்வரைவுச் செயலில் இவை தாமே வந்து பொருந்துகின்றன.

இலக்கண அமைப்பும் துணைநிற்கிறது. தமிழில் “எனக்குக் கோபம் வருகிறது”, “எனக்குப் பயமாக இருக்கிறது” என உணர்வோன் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறான். கோபம் அவனிடம் வருவது. ஆகவே போகவும் கூடியது. எப்போது வந்தது, எதனால் வந்தது, எப்போது போயிற்று என்று குழந்தையை வினவ இத்தொடரமைப்பே வழிவகுக்கிறது. இதற்கு மாறாக, ‘கோபக்காரன்’, ‘பயந்தாங்கொள்ளி’, ‘அழுமூஞ்சி’ என்னும் பெயர்கள் வந்துபோகும் உணர்ச்சியைக் குழந்தையின் நிலையான இயல்பாக ஆக்கிவிடுகின்றன. “ஆம்பளப்புள்ள அழலாமா?” என்பது அழுகையை ஒரு பாலினருக்கு மறுக்கிறது. உணர்ச்சிக் கைவினையைத் தொடங்கும் ஆசிரியர் முதலில் கைவிட வேண்டியவை இச்சொற்களே.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

முதலாவது, கைவினைப் பொருளைக் கொண்டு குழந்தையின் உள்ளத்தைத் துணிந்து கூறுதல் கூடாது. கறுப்பு வண்ணம் துயரத்தின் அடையாளம், கையில்லாத உருவம் கொடுமையின் அடையாளம் என்பன போன்ற விளக்கங்கள் நம்பத்தக்கன அல்ல. அருகில் கறுப்பு வண்ணக்கோல் மட்டுமே இருந்திருக்கலாம்; கையை வரையும் திறன் இன்னும் வாராதிருக்கலாம். பொருளைப் பற்றிக் குழந்தை கூறுவதே செய்தி. அக்கூற்று தீங்கினைச் சுட்டுமாயின், ஆசிரியர் துருவித் துருவி வினவாமல் அமைதியாகக் கேட்டு, குழந்தை கூறிய சொற்களிலேயே குறித்துவைத்து, குழந்தைப் பாதுகாப்பிற்குரிய அமைப்பிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் இதற்கு உள்ளது.

இரண்டாவது, துயரத்தையே செய்துகாட்டுமாறு குழந்தையை வற்புறுத்தல் கூடாது. ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வயதினர் ஏமாற்றம் தந்த நிகழ்வொன்றை நினைவுகூர்ந்தபின் வரைந்தனர். அந்நிகழ்வையே வரைந்தவரைவிட, வேறொன்றை வரைந்து கவனத்தைத் திருப்பியவரின் மனநிலையே மிகுதியும் சீரடைந்தது. மழலையரைவிட மூத்தோரிடம் நிகழ்ந்த ஆய்வு இது. ஆயினும் மூலையில் அமர்ந்து ஒன்றும் பேசாமல் காகிதக்கப்பல் மடிக்கும் குழந்தையும் தன் உணர்ச்சியைக் கையாள்கிறது என்று கொள்ள இது இடந்தருகிறது. இனங்காணுதல் ஒரு பயன். தணிதல் மற்றொரு பயன். இரண்டையும் ஒரே வேளையில் எதிர்பார்த்தல் தகாது.

மூன்றாவது, மதிப்பிடுதலைத் தவிர்த்தல். ‘அழகாக இருக்கிறது’ என்னும் பாராட்டுகூட, அழகாக இல்லாத உணர்ச்சியைக் காட்டக் கூடாது என்னும் செய்தியைத் தரக்கூடும். “இந்த இடத்தில் ரொம்ப அழுத்தி ஒட்டியிருக்கிறாய்” என்பது போன்று, கண்டதைக் கண்டவாறு கூறுதலே குழந்தையை மேலும் பேசச் செய்யும். குழந்தையின் இசைவின்றி அதன் படைப்பைச் சுவரில் ஒட்டுவதும், பிறர்க்குக் காட்டுவதும் அதன் நம்பிக்கையைக் குலைக்கும்.

முடிவுரை

மழலையர் உணர்ச்சிக் கல்வியில் ஆயத்த முகத்தை முதலில் வைக்கும் முறை, உணர்ச்சியின் பெயரைத் தருமேயன்றி உணர்ச்சியைப் புரியவைப்பதில்லை. காரணம், பொறியுணர்வு, உள்ளக்குறிப்பு, உடல் வேறுபாடு என்னும் வரிசையில் செல்லும்போது குழந்தை தன் அனுபவத்திலிருந்தே சொல்லைப் பெறுகிறது. மெய்ப்பாட்டியல் மரபும் இக்கால உளவியல் ஆய்வும் வெவ்வேறு நோக்கங்களில் எழுந்தவை எனினும், காரணத்தின் முதன்மையை உணர்த்துவதில் ஒன்றுபடுகின்றன.

கைவினை அக்காரணங்களை வகுப்பறைக்குள் கொணர்கிறது. செய்தல், முறிதல், செப்பனிடுதல், பகிர்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு மெய்ப்பாட்டின் களமாகிறது. இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. மண்ணும் ஓலையும் பழந்துணியும் போதுமானவை. பொருள் முறிந்த நொடியில் புதியதை நீட்டாமல், குழந்தையின் அருகில் அமர்ந்து, என்ன நடந்தது என்று கேட்கும் ஆசிரியரே இன்றியமையாதவர். வட்டாரந்தோறும் குழந்தைகள் வழங்கும் உணர்ச்சிச் சொற்களைத் தொகுத்து, அவற்றை இத்தகைய செயல்முறைகளோடு இணைத்தால், ஆசிரியப் பயிற்சி நிறுவனங்களுக்கும் தமிழாய்வுத் துறைகளுக்கும் அது பயன்தரும் ஆய்வுக்களமாக அமையும்.